இன்னொரு உலை

அந்த அலமாரியை நான் பார்த்து ஒன்றரை வருஷம் இருக்கும். இன்னும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. என்னிடம் தானியம் வாங்கும் ஒருவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில் ஒரு சிமெண்ட் தட்டு. அதில் வரிசையாக அடுக்கிய பதினோரு பொட்டலங்கள். சாமை, தினை, வரகு, குதிரைவாலி. ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் தேதி. எல்லாமே நான் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மூலையில் இருந்த பழைய பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். தானியம் கொட்டாமல் கட்டியாக நின்றது. உள்ளே பூச்சி நூல் விட்டிருந்தது. சிலந்திவலை மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் வெள்ளையாய் ஒரு புழு நெளிந்தது. பேரையூர் பக்கத்தில் ஒரு விவசாயி மருந்தடிக்காமல், மழையை நம்பி விதைத்து, அறுத்து, தூற்றி அனுப்பிய குதிரைவாலி அது. அதை அந்த நிலையில் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

மதுரையில் எங்கள் பகுதியில் நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் இயற்கை விளைபொருள் வரவழைத்துக் கொடுக்கிறோம். சோழவந்தான் பக்கமிருந்து கீரையும் நாட்டுக் காயும், உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து தானியமும் பயறும் வரும். புதன்கிழமைக்குள் யாருக்கு என்ன வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தராசும் கூடைகளுமாகக் கச்சேரி தொடங்கிவிடும். நாற்பது குடும்பம் வரை சேர்ந்தார்கள். கடவூரில் இருக்கும் வானகம் இயற்கை வேளாண் பண்ணையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு தொடங்கியது இது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் அய்யா 2013 டிசம்பரில் காலமானார். அவரை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அவர் உண்டாக்கிய இடத்தில் மண்ணைத் தொட்டு உட்கார்ந்திருந்தபோது, நம்மால் முடிந்த நாலு வீட்டையாவது நல்ல சாப்பாட்டுக்குத் திருப்பவேண்டும் என்று ஒரு வெறியே வந்தது. அந்த எண்ணத்தில் இன்றைக்கும் எனக்கு மாற்றமில்லை. அதை எப்படிச் செய்தேன் என்பதில்தான் கோளாறு.

நான் பேசினேன். நிறையப் பேசினேன். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கோயில் மண்டபத்தில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல், அதே அளவு பாலில் சுமார் 120, தீட்டிய வெள்ளை அரிசியில் 10 கூட இல்லை என்று சொல்லும்போது முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சாமைக்கு எத்தனை நாளில் அறுப்பு, வரகுக்கு எவ்வளவு மழை போதும், நம் மதுரை வேளாண் கல்லூரியிலிருந்தே எம்.டி.யு.1 என்று குதிரைவாலி ரகம் வந்திருக்கிறது, எல்லாம் சொல்வேன். கூட்டம் முடிந்ததும் பொட்டலங்கள் பறக்கும். நோட்டில் கணக்கு ஏறும். வீடுகள் மாறிக்கொண்டிருக்கின்றன என்று நான் முழுமனதாக நம்பினேன். பொட்டலம் விற்றதை நான் சாப்பிட்டதாகக் கணக்கு வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் பெண் அந்த நாற்பது பேரில் ஒருவர். தனியார் பள்ளியில் வேலை. இரண்டு பிள்ளைகள், சர்க்கரை உள்ள மாமியார், சொந்தமாக வேன் ஓட்டும் கணவர். எட்டு மாதம் தவறாமல் வாங்கியவர் திடீரென்று நின்றுவிட்டார். இரண்டு சனிக்கிழமை பார்த்தேன், மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். காய் சரியில்லையா, விலை கட்டுப்படி ஆகவில்லையா, நான் ஏதாவது மனம் நோகப் பேசிவிட்டேனா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தத் தட்டைக் காட்டினார்.

"நீங்க வாசல்ல நின்னு எழுதிக்கவான்னு கேக்குறப்ப வேணாம்னு சொல்ல மனசு வரலக்கா. நல்லதுக்குத்தான சொல்றீங்க. வாங்கிட்டு வந்து வைப்பேன். ஞாயித்துக்கிழமை செய்யலாம்னு நெனைப்பேன். ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கவே சரியாப் போயிரும்" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலே முக்காலுக்கு எந்திரிக்கிறேன்க்கா. ஏழு இருபதுக்கு ஸ்கூல் பஸ். அதுக்குள்ள காலைக்கும் மதியத்துக்கும் ஆக்கி, நாலு டப்பா கட்டணும். இவருக்கு வெள்ளைச்சோறு இல்லாட்டி சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பிள்ளைக தொடாது. அத்தைக்கு மட்டும் சாமைன்னா நான் இன்னொரு உலை வைக்கணும். நீங்க சொல்றது எனக்கு இன்னொரு உலைக்கா" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செய்து பார்க்காமலும் இல்லை. முதல் மாதம் வீட்டில் எல்லோருக்கும் வரகுச்சோறு வைத்திருக்கிறார். சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்ததாம். காலை ஆறரைக்குக் கட்டிய டப்பாவைப் பையன் மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்தால் மணல் மாதிரி உதிர்ந்து, தொண்டையில் இறங்கவில்லை. அப்படியே திரும்பி வந்தது. ஆறிய சிறுதானியச் சோறு காய்ந்துபோகும் என்பது சமைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அத்தனை கூட்டத்தில் பேசியும், பள்ளிக்கூட டப்பாவில் அது என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தயிர் பிசைந்து தளர்வாகக் கட்டுங்கள், இல்லையென்றால் பாசிப்பருப்பு போட்டுப் பொங்கலாகக் குழைத்துவிடுங்கள், டப்பாவுக்குத் தனிச்சோறாக மட்டும் வேண்டாம் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சுண்ணாம்புச் சத்துக் கணக்குக்கு இருந்த நேரம் இதற்கு இல்லாமல் போயிருக்கிறது.

அதற்கு மேல் மாமியார் சமாச்சாரம். சாமை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். அரிசிச் சோற்றை அளந்து சாப்பிட்டவர், சாமை தானே என்று தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டர் அவரைத் திட்டினாராம். அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது. 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் சாமையிலும் வரகிலும் 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், அதனால் வயிறு சீக்கிரம் நிறையும், இரத்தத்தில் மெதுவாகச் சேரும். அவ்வளவுதான். அதுவும் தவிடு போகாத சாமையாக இருந்தால். பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய சாமையில் அந்தக் கூடுதலும் பாதி போயிருக்கும். தானியத்தை மாற்றினால் அளவைப் பார்க்க வேண்டாம், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கை எத்தனை வீடுகளில் எத்தனை பேரைப் படுக்கவைத்திருக்கிறதோ. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலில் அளவைத்தான் சொல்கிறேன்.

அப்பத்தாவின் கை

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. தே.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரிக் காட்டில் வாழ்ந்தவர். நான் சிறுதானியத்தைக் கையிலெடுத்த புதிதில், முதல் சாமைப் பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பெருமையாக அவர் மடியில் வைத்தேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எண்பது வயதுக்கு மேலும் காப்புக் காய்ச்சிய தடம் போகாத கை. "இதக் குத்தித் தின்ன கை தாயி இது. நெல்லுச்சோறு வேணும்னு ஆசைப்பட்டது நாக்கு மட்டுமில்ல, இந்தத் தோளும்தான்" என்றார். நான் அதைக் கிழவியின் அலுப்பு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். அவர் இப்போது இல்லை. அந்த வார்த்தை, டீச்சர் வீட்டு அலமாரியைப் பார்த்த பிறகுதான் எனக்குள் இறங்கியது.

கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றுக்கும் கெட்டி உமி கிடையாது. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் உமிக்குள் இருப்பவை. அந்த உமியை நீக்குவது விளையாட்டு வேலையில்லை. வரகுக்கு அடுக்கடுக்காகத் தோல். திருகையில் இட்டு உடைக்கவேண்டும், உரலில் குத்தவேண்டும், முறத்தில் புடைக்கவேண்டும், கல் பொறுக்கவேண்டும், மறுபடியும் குத்தவேண்டும். காட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில், மறுநாள் சோற்றுக்காக. இத்தனையும் பெண்கள் செய்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட வீடுகள் அவை. அப்புறம் ரைஸ் மில் வந்தது, ரேஷன் வந்தது, 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூனிலிருந்து விலையே இல்லாமலும் அரிசி கிடைத்தது. தானியம் வீட்டை விட்டுப் போனதற்கு நாகரிக மோகம், விளம்பரம், அறியாமை என்று நான் மேடையில் அடுக்குவேன். அவையும் இருக்கலாம். ஆனால் உலக்கையைக் கீழே வைக்க ஒரு வழி கிடைத்தபோது அந்தப் பெண்கள் வைத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பாக்கெட்டில் 'கைக்குத்தல்' என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அப்பத்தாவின் கைதான் கண்ணில் வருகிறது.

எந்தக் கூட்டத்திலும் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்களே. நான் சொன்ன ஒவ்வொன்றும் அவர்கள் தலையில் இன்னொரு வேலையாக ஏறியது. மாப்பிள்ளைச் சம்பாவை முந்தின ராத்திரியே ஊறவை, கருப்புக் கவுனியையும் அப்படியே. கீரையை ஆய். காயை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கழுவு. பாக்கெட் மசாலா வேண்டாம், வீட்டிலேயே அரை. பிஸ்கட் வேண்டாம், சுண்டல் அவி. ஒவ்வொன்றும் சரிதான், நான் எதையும் திரும்பப் பெறவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பெண்ணின் நாளில் இரண்டு மணிநேரம் கூடுகிறது. அந்த இரண்டு மணிநேரம் எங்கிருந்து வரும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் தூக்கத்திலிருந்துதான் வரும், வேறெங்கிருந்து? 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், எல்லா மாவட்டத்துக்கும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் தானியமாகக் கையில் வந்தால் அதைக் கல் பொறுக்கி, அலசி, காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மாவுச் சட்டியிலிருந்து

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினோரு பொட்டலத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். சரி, பணம் வேண்டாமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை எனக்குக் கொடுங்கள், உங்கள் வீட்டு அடுப்படியில் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அப்படியே போய் உட்கார்ந்தேன். என்ன செய்யவேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து போவது எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு தனித்தனி, குழம்பு கணவருக்குக் காரம், பிள்ளைகளுக்குக் காரமில்லாமல். ஆனால் இட்லிச் சட்டி ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு தடவை மாவு ஆட்டுகிறார். மாமியாரும் பிள்ளைகளும் கணவரும் அதே மாவில்தான் இட்லியும் தோசையும் சாப்பிடுகிறார்கள். மதுரையில் மாவுச் சட்டி இல்லாத வீடு ஏது?

நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அது அவர் கணக்கு. முதல் வாரம் அரிசியில் ஒரு டம்ளரை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் குதிரைவாலி போட்டோம். தனியாக ஊறவைக்கவில்லை, அரிசியோடு சேர்த்தே போட்டோம். கூடுதல் வேலை என்று எதுவுமே இல்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. அப்புறம் இரண்டுக்கு இரண்டு. இப்போது கணவர் மட்டும் "என்ன இன்னைக்கு இட்லி கொஞ்சம் நிறம் மட்டா இருக்கு" என்று கேட்டாராம். தோசை நன்றாக முறுகியதால் அதற்கு மேல் பேச்சில்லை. மூன்று டம்ளராக ஆக்கிப் பார்த்தபோது இட்லி சொரசொரவென்று வந்தது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். திரும்ப இரண்டுக்கே வந்துவிட்டோம். அங்கேயே நிற்கிறது, இனியும் நிற்கட்டும். முழுக்க மாறினால்தான் மாற்றம் என்கிற பிடிவாதம் எனக்கு விட்டுப்போயிற்று. வாரத்துக்கு நாலு டம்ளர் குதிரைவாலி ஒரு வீட்டில் ஓசையில்லாமல் செலவாகிறது. நாற்பது வீட்டில் செலவானால் பேரையூரில் ஒருவர் அடுத்த ஆடியில் தைரியமாக விதைப்பார். அவருக்கு ஆண்டுக்கொரு தடவை திருவிழா மாதிரி வாங்குகிற கூட்டத்தைவிட, வாரம் தவறாத நாலு டம்ளர்தான் வேண்டும். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கம்பில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. மொத்தமாக மாவாக்கிக் கொடுத்தால் பெண்களுக்கு வேலை மிச்சம் என்று பத்துக் கிலோ கம்பை மில்லில் கொடுத்துத் திரித்துப் பொட்டலம் போட்டேன். பத்து நாளில் கசப்பு என்று புகார் வந்தது. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், திரித்ததும் காற்றுப் பட்டுக் காறிவிடும். கடையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற கம்பு மாவை எனக்கு அதிலிருந்து கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கத் தோன்றுகிறது. இப்போது கம்பை மாவாக்குவதில்லை. வெள்ளிக்கிழமை குருணையாக உடைத்து, சனிக்கிழமை அந்தந்த வாரத்துக்கு மட்டும் அரைக் கிலோ, கால் கிலோவாகக் கொடுக்கிறோம். தவிடு போகாத எந்தத் தானியமும் சீக்கிரம் வண்டு பிடிக்கும், வாசம் மாறும். அதில் உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் மாதச் சாமான் மாதிரி வாங்கி அடுக்கக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே தானியம், அதுவும் ஒரு கிலோவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். முந்தினது தீர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வரவு குறைந்தது. அலமாரிகளில் கிடப்பதும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கீரை விஷயத்தில்தான் பெரிய மாற்றம். கட்டு பதினைந்து இருபது ரூபாய், விலை யாருக்கும் பிரச்சினையில்லை. ஆய நேரமில்லை. அதனால்தான் வாங்குவதில்லை. நான் அதை ஆர்வக்குறைவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை திண்ணையில் பெரிய தாம்பாளத்தை வைத்துவிட்டு, வந்தவர்களை அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்துகொண்டு போகச் சொன்னேன். சனிக்கிழமை காலை கூடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள். வண்டியில் வந்து பையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் முதலில் உட்கார்ந்தார். அடுத்தடுத்த வாரத்தில் நாலு பேர், ஆறு பேர். தண்டுக்கீரையில் எது முற்றல், எது இளசு என்று நகத்தால் கிள்ளிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பேச்சும் அரசியலுமாக இருபது நிமிஷத்தில் ஆளுக்கு இரண்டு கட்டு முடிந்துவிடும். ஆய்ந்த கீரை வீட்டுக்குப் போனால் அன்றைக்கு மத்தியானம் அது சட்டியில் ஏறிவிடுகிறது. நான் பேசிய எந்தப் பேச்சும் செய்யாததை ஒரு தாம்பாளம் செய்தது.

இயற்கை என்று எழுதியிருந்தால் போதுமா

இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் எல்லாவற்றையும் இயற்கை விளைபொருளாக வாங்கக் கட்டுப்படி ஆகாது. ஆகும் என்று சொல்கிறவர்கள் அடுத்தவர் பர்ஸைப் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டால், ஆர்கானிக் என்று பச்சை எழுத்தில் போட்ட பிஸ்கட், நூடுல்ஸ், குக்கீஸ் எதையும் வாங்கவேண்டாம் என்பேன். சிறுதானிய பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள், முதலில் எழுதியிருப்பதுதான் அதில் அதிகம் இருப்பது. பல பாக்கெட்டுகளில் அது மைதாவாக இருக்கும், இல்லை சர்க்கரையாக இருக்கும். அந்தக் காசுக்கு உழவர் சந்தையில் சாதாரண அவரைக்காயும் பூசணியும் வாங்கினால் பிள்ளைக்கு நூறு மடங்கு நல்லது. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையை நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். விவசாயி தானே கொண்டுவந்து விற்கிற இடம். அங்கே காலை ஆறு மணிக்குப் போய், எங்கே விளைந்தது, எப்போது மருந்தடித்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தால் உண்மையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழும் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஏற்றுமதிக்கும் பெரிய கடைக்கும் போகிற பொருளுக்கு வெளியாள் வந்து சோதித்துத் தருகிற சான்று உண்டு. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதிசெய்கிற பி.ஜி.எஸ். முறையும் உண்டு. ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே வயல் இயற்கை வயலாகிவிடாது. நெல், தானியம் போன்ற பயிருக்கு விதைக்கும் முன்னால் இரண்டு வருஷமாவது மாறுதல் காலம் கேட்கிறார்கள். அந்த இரண்டு வருஷத்தில் விளைச்சல் இறங்கும், கூடுதல் விலையும் கிடைக்காது. அந்தக் காலத்தில்தான் விவசாயிக்கு நாம் வேண்டும். சோழவந்தான்காரர் ஒருவர் அப்படி மாறிக்கொண்டிருந்தபோது கத்தரிக்காயில் பத்துக்கு மூன்று ஓட்டையாக வந்தது. ஒரு வாடிக்கையாளர் ஓட்டைக் காயைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை அந்த விவசாயியிடம் காட்டியபோது, அவர் அதை வாங்கி, புழு இருந்த பக்கத்தை மட்டும் கத்தியால் சீவி எறிந்துவிட்டு மீதியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து நான் கத்தரிக்காயை நிறுத்துப் போடும்போது ஓட்டைக் காய்க்குத் தனியாக ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுவிட்டு, வெட்டி எறியத்தான் இது என்று சொல்லிக் கொடுக்கிறேன். வாங்குகிறார்கள்.

தக்காளியும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளி வராது, வந்தாலும் நெருப்பு விலை. எதைப் போட்டாவது கொண்டுவா என்று கேட்டால், அதைத்தான் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த இரண்டு மாதம் புளியை வைத்துச் சமாளிக்கலாம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், கொத்தவரை என்று எந்த மாதம் எது மலிவோ அது அந்த மாதத்துச் சாப்பாடு. மலிவாக இருப்பதற்குக் காரணமே அது தானாக வளர்கிற பருவம் என்பதுதான்.

இப்போது கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட்டால் ஒரு நிபந்தனை வைக்கிறேன். வீட்டு ஆண்களும் வரவேண்டும், ஸ்டவ் ஒன்று வேண்டும். பேச்சு பத்து நிமிஷம், மீதி நேரம் சமைப்பது. குதிரைவாலிக்கு ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், கொதித்த பிறகு போட்டு, தீயைக் குறைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம், இறக்கி மூடிவைத்துப் பத்து நிமிஷம். இதை ஒரு அப்பா தன் கையால் ஒருமுறை செய்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் இது யார் வேலை என்பது கொஞ்சம் மாறுகிறது. எல்லா வீட்டிலும் மாறவில்லை. சில கூட்டங்களுக்கு ஆண்கள் யாருமே வராமல், வந்த பெண்களோடு நானும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே பொட்டலம் எதுவும் விற்பதில்லை.

டீச்சர் வீட்டில் சாமைச்சோறு இன்றுவரை வரவில்லை. மாமியார் அரிசிச் சோற்றையே ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கீரையும் காயும் கூட்டிக்கொள்கிறார். மாவில் பாதி குதிரைவாலி. வாரத்துக்கு ஒருநாள் ராத்திரி கேப்பை அடை. அதைச் சுடுவது கணவர், வேன் ஓட்டம் இல்லாத நாளில். அந்தத் தட்டில் இப்போது பிள்ளைகளின் பழைய புத்தகங்கள் இருக்கின்றன.

போன சனிக்கிழமை டீச்சரின் கணவர்தான் வந்தார். தண்டுக்கீரை இரண்டு கட்டு எடுத்துவைத்திருந்தேன், ஆய்வதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. அவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "முருங்கைக் கீரையே குடுங்கக்கா" என்றார். முருங்கையை உருவி முடிக்க நேரமாகுமே, இன்றைக்கு ஓட்டம் இருக்குமே என்று கேட்டேன். "அதெல்லாம் ஆகாதுக்கா. அம்மா சொல்லிக் குடுத்துச்சு. ராத்திரி துணியில சுத்தி மூடி வச்சிட்டா காலையில எடுத்து ஒரு உதறு உதறினாப் போதும், இலை தானா கொட்டிரும். நாந்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு, கொப்புக் கொப்பாகத் தூக்கிப் பார்த்து, பழுத்த இலை இல்லாத கட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.